பிரதமரை மாற்றுவது யார் கையில்? – ஒரு வரலாற்றுப் பார்வை



மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். கேண்டீன் டீயையும், அரியர்ஸ் எழுதிய கதையையும் எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் அதை என்னைவிட நன்றாகவே எழுதுவார்கள். அதனால் நம் ஊரில் தினமும் நாம் பார்க்கிற ஒரு பெயர்ப்பலகையிலிருந்து தொடங்கி, கொஞ்சம் வரலாறு பேசலாம் என்று ஆசைப்படுகிறேன். இன்ஜினியருக்கு எதற்கு அரசியல் சட்டம் என்று கேட்காதீர்கள். ஓட்டுப் போடும் எல்லோருக்கும் வேண்டிய விஷயம்தான் இது.

அத்திப்பட்டில் எந்தப் பக்கம் திரும்பினாலும் கண்ணில் படுவது இரண்டு. ஒன்று, வடசென்னை அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள். மற்றொன்று, துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகளின் வரிசை. 2001 பிப்ரவரியில் பிரதமர் வாஜ்பாய் அந்தத் துறைமுகத்தை நாட்டுக்கு அர்ப்பணித்தபோது அதற்கு எண்ணூர் துறைமுகம் என்று பெயர். 2014-ல் அது காமராஜர் துறைமுகம் ஆனது.

காமராஜர் என்றதும் பள்ளிக்கூடமும் மதிய உணவும் அணைக்கட்டுகளும் நம் நினைவுக்கு வரும். அவர் இரண்டு பிரதமர்களை உருவாக்கியவர் என்பதும் பலருக்குத் தெரியும். அதே காமராஜரும் அவருடைய சகாக்களும் 1969-ல் ஒரு பிரதமரை இறக்கப் பார்த்து, முடியாமல் போனார்கள் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ஆக்க முடிந்தவரால் ஏன் நீக்க முடியவில்லை? இந்தக் கேள்விக்குள்தான் நம் அரசியல் சட்டத்தின் ஒரு பெரிய பாதுகாப்பு ஒளிந்திருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

நம் அரசியல் சட்டத்தில் குடியரசுத் தலைவரை நீக்குவதற்கு 61-ஆவது பிரிவில் வழி சொல்லியிருக்கிறது. சுப்ரீம் கோர்ட் நீதிபதியை நீக்க 124-ஆவது பிரிவில் வழி இருக்கிறது. பிரதமரை நீக்குவது எப்படி என்று தேடினால் அப்படி ஒரு தனிப் பிரிவே கிடையாது!

இருப்பதெல்லாம் 75-ஆவது பிரிவில் சில வரிகள்தான். பிரதமரைக் குடியரசுத் தலைவர் நியமிக்க வேண்டும். மற்ற அமைச்சர்களைப் பிரதமரின் ஆலோசனைப்படி நியமிக்க வேண்டும். அமைச்சர்கள் குடியரசுத் தலைவரின் விருப்பம் உள்ளவரை பதவி வகிப்பார்கள். அமைச்சரவை முழுவதும் கூட்டாக மக்களவைக்குப் பொறுப்பானது. அவ்வளவுதான் விஷயம்.

"விருப்பம் உள்ளவரை" என்பதை மட்டும் தனியாகப் படித்தால், ஜனாதிபதி நினைத்தால் காலையில் பிரதமரை வீட்டுக்கு அனுப்பிவிடலாம் போலத் தோன்றும். ஆனால் அடுத்த வரியையும் சேர்த்துப் படிக்க வேண்டும். மக்களவையின் நம்பிக்கை ஒருவருக்கு இருக்கும்வரை ஜனாதிபதி தன் விருப்பத்தை வாபஸ் வாங்க முடியாது என்பதே எழுபத்தைந்து ஆண்டுகளாக நடைமுறையில் நிலைத்துவிட்ட பொருள். 1976-ல் வந்த 42-ஆவது திருத்தம், அமைச்சரவையின் ஆலோசனைப்படியே ஜனாதிபதி நடக்க வேண்டும் என்று எழுத்திலேயே வைத்துவிட்டது. 1978-ல் வந்த 44-ஆவது திருத்தம், ஒரே ஒருமுறை மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பும் உரிமையை மட்டும் அவருக்குக் கொடுத்தது.

நம்பிக்கையில்லாத் தீர்மானம் என்ற சொல்கூட அரசியல் சட்டத்தில் இல்லை. அது மக்களவையின் நடைமுறை விதிகளில்தான் இருக்கிறது. 50 உறுப்பினர்கள் எழுந்து நின்று ஆதரித்தால் அந்தத் தீர்மானம் விவாதத்துக்கு வரும். 1963 ஆகஸ்டில் ஆச்சார்ய கிருபளானி நேருவின் அரசுக்கு எதிராகக் கொண்டுவந்ததுதான் முதல் தீர்மானம். அதற்குப் பிறகு எத்தனையோ வந்துவிட்டன. அவற்றில் ஒன்றுகூட ஜெயித்து ஓர் அரசைக் கவிழ்த்ததில்லை. அவையில் ஓட்டெடுப்பில் தோற்றுப் போன வி.பி. சிங் (1990), தேவகவுடா (1997), வாஜ்பாய் (1999) மூவருமே, தாங்களே நம்பிக்கை கோரிக் கொண்டுவந்த தீர்மானத்தில்தான் தோற்றார்கள்.

ஆக்கியவர்

1964 மே 27. நேரு மறைந்தார். அன்றைய தினமே குல்சாரிலால் நந்தா பிரதமராகப் பதவியேற்றார். பதவிப் பிரமாணம் செய்து வைத்தவர் நம் திருத்தணியைச் சேர்ந்த டாக்டர் ராதாகிருஷ்ணன். நம் அரசியல் சட்டத்தில் "தற்காலிகப் பிரதமர்" என்று ஒரு பதவியே கிடையாது. பிரதமர் இறந்துவிட்டால் அமைச்சரவையும் கூடவே போய்விடுகிறது. அமைச்சரவை இல்லாமல் ஜனாதிபதி ஒரு நாள்கூட நாட்டை நடத்த முடியாது. அதனால் நந்தா முறைப்படி முழுப் பிரதமராகவே பதவியேற்றார். 13 நாட்கள் இருந்தார். 1966 ஜனவரி 11 அன்று தாஷ்கண்டில் சாஸ்திரி மறைந்தபோதும் அதே நந்தா, அதே ராதாகிருஷ்ணன், அதே 13 நாட்கள்!

அந்த 13 நாட்களில் அடுத்த பிரதமர் யார் என்று முடிவு செய்யும் பொறுப்பு, இரண்டு முறையும் காங்கிரஸ் தலைவராக இருந்த காமராஜர் மீது விழுந்தது. 1964-ல் எம்.பி.க்களையும் முதலமைச்சர்களையும் கலந்து பேசி, பெரும்பாலோர் மனதில் இருப்பவர் லால்பகதூர் சாஸ்திரி என்று கண்டறிந்து, போட்டியில்லாமல் முடித்து வைத்தார். 1966-ல் மொரார்ஜி தேசாய் போட்டியிலிருந்து விலகவில்லை. காங்கிரஸ் எம்.பி.க்கள் ஓட்டுப் போட்டார்கள். இந்திரா காந்திக்கு 355, மொரார்ஜிக்கு 169.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். காமராஜர் யாரையும் நியமிக்கவில்லை. நியமிக்கும் அதிகாரம் அவருக்குக் கிடையாது. யாருக்கு அவையில் மெஜாரிட்டி இருக்கிறது என்பதைக் கண்டுபிடித்துச் சொன்னார். அவையில் காங்கிரசுக்கு அசைக்க முடியாத பலம் இருந்ததால், கட்சி சொன்னதும் அவை சொன்னதும் ஒன்றாக இருந்தது. கிங் மேக்கர் என்று நாம் பெருமையாகச் சொல்லும் அந்தப் பட்டம், இந்த இரண்டும் ஒன்றாக இருந்தவரைதான் செல்லுபடியானது.

நீக்க முடியாதவர்

1967 தேர்தலில் காங்கிரசின் பலம் 283 ஆகக் குறைந்தது. விருதுநகரில் காமராஜரே தி.மு.க.வின் மாணவர் தலைவர் பெ. சீனிவாசனிடம் தோற்றார். 1969 ஜனவரியில் நாகர்கோவில் இடைத்தேர்தலில் வென்று மக்களவைக்குப் போனார்.

அந்த வருடம்தான் காங்கிரஸ் உடைந்தது. ஜூலையில் மொரார்ஜியிடமிருந்து நிதித்துறை பறிக்கப்பட்டது. 14 வங்கிகள் தேசியமயமாகின. ஆகஸ்டில் நடந்த ஜனாதிபதி தேர்தலில் கட்சியின் வேட்பாளர் சஞ்சீவ ரெட்டி தோற்று வி.வி. கிரி ஜெயித்தார். நவம்பர் 12 அன்று கட்சித் தலைவர் நிஜலிங்கப்பா, இந்திரா காந்தியைக் கட்சியிலிருந்தே நீக்கினார். காமராஜர் இருந்த பக்கமும் அதுதான்.

கட்சியிலிருந்து நீக்கியாகிவிட்டது. பிரதமர் பதவி போய்விட்டதா? இல்லை! எந்தக் கட்சியின் உறுப்பினராக இருக்க வேண்டும் என்று 75-ஆவது பிரிவு கேட்கவில்லை. மக்களவையில் மெஜாரிட்டி இருக்கிறதா என்பதுதான் கேள்வி. காங்கிரஸ் எம்.பி.க்களில் இருநூறு பேருக்கு மேல் இந்திரா பக்கம் நின்றார்கள். அது மட்டும் மெஜாரிட்டிக்குப் போதாது. ஆனால் தி.மு.க.வின் 25 பேரும், இந்திய கம்யூனிஸ்ட் கட்சியின் 23 பேரும், இன்னும் சிலரும் சேர்ந்தபோது ஆட்சி நிலைத்தது. 1967-ல் காமராஜரைத் தோற்கடித்த கட்சியே, 1969-ல் டெல்லியில் அவர் எதிர்த்த பிரதமரைத் தாங்கிப் பிடித்தது. வரலாறு சில நேரம் ரொம்ப குறும்பாகத்தான் நடந்து கொள்கிறது.

பழைய காங்கிரசின் ராம் சுபக் சிங் மக்களவையின் முதல் அதிகாரபூர்வ எதிர்க்கட்சித் தலைவர் ஆனார். பிரதமரை ஆக்கியவர்கள் எதிர்க்கட்சி பெஞ்சில் உட்கார்ந்தார்கள். கட்சி எவ்வளவு பெரியதாக இருந்தாலும், பிரதமரை இறக்குவது அதன் கையில் இல்லை என்பது அன்று நாட்டுக்கே தெரிந்து போனது. (1985-ல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டம் எம்.பி.க்களைக் கட்சியின் கொறடாவுக்குக் கட்டுப்பட வைத்துவிட்டது. அதனால் இன்று 1969-ஐப் போல ஓர் அணி பிரிந்து நிற்பது அவ்வளவு எளிதல்ல.)

சென்னை ஹைகோர்ட்டில் ஒரு வழக்கு

1970 டிசம்பர் 27 அன்று, பதவிக்காலம் முடிய ஒரு வருடத்துக்கு மேல் இருக்கும்போதே, இந்திரா காந்தியின் ஆலோசனைப்படி மக்களவை கலைக்கப்பட்டது. உடனே நம் சென்னையிலிருந்து ஒரு கேள்வி கிளம்பியது. யு.என்.ஆர். ராவ் என்பவர் சென்னை உயர் நீதிமன்றத்தில் மனுப் போட்டார். அவருடைய வாதம் எளிமையானது, கூர்மையானது. அமைச்சரவை மக்களவைக்குப் பொறுப்பானது என்று சட்டம் சொல்கிறது. மக்களவையே இப்போது இல்லை. அப்படியானால் யாருக்குப் பொறுப்பு? பொறுப்புச் சொல்ல அவை இல்லாதபோது பிரதமர் எந்த அதிகாரத்தில் நாற்காலியில் இருக்கிறார்?

நல்ல கேள்விதானே? உயர் நீதிமன்றம் மனுவைத் தள்ளியது. மேல்முறையீடு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. 1971 மார்ச்சில் தலைமை நீதிபதி சிக்ரி தலைமையிலான அமர்வு தீர்ப்புச் சொன்னது. ஜனாதிபதிக்கு ஆலோசனை சொல்ல அமைச்சரவை ஒன்று இருந்தே ஆக வேண்டும் என்பது 74-ஆவது பிரிவின் கட்டளை. அவை கலைந்தாலும் அந்தக் கட்டளை கலையாது. அமைச்சரவையும் இல்லை என்றால் ஜனாதிபதி தன்னிச்சையாக ஆளத் தொடங்கிவிடுவார். அது நம் அரசியல் சட்டத்தின் அடிப்படைக்கே பொருந்தாது. இதுதான் தீர்ப்பின் சாரம்.

அதாவது, பிரதமரைத் தோற்கடிக்கலாம், மாற்றலாம். ஆனால் நாற்காலி ஒரு நிமிடம்கூட காலியாக இருக்கக் கூடாது. இதனால்தான் 1999-ல் கார்கில் போர் நடந்தபோது, அவையில் தோற்றுப் போயிருந்த பிரதமரே நாட்டை நடத்தினார். 1991 மே மாதம் அன்னியச் செலாவணி நெருக்கடியில் 20 டன் தங்கம் வெளிநாட்டுக்குப் போனபோதும், பதவி விலகிவிட்டு அடுத்தவருக்காகக் காத்திருந்த அரசுதான் அந்த முடிவை எடுத்தது.

கோர்ட்டால் முடியுமா?

1975 ஜூன் 12 அன்று அலகாபாத் உயர் நீதிமன்ற நீதிபதி ஜகன்மோகன்லால் சின்ஹா, ரேபரேலியில் இந்திரா காந்தி ஜெயித்தது செல்லாது என்று தீர்ப்பளித்தார். ஜூன் 24 அன்று சுப்ரீம் கோர்ட்டில் நீதிபதி கிருஷ்ணய்யர் நிபந்தனையோடு தடை கொடுத்தார். பிரதமராகத் தொடரலாம், அவைக்குப் போகலாம், பேசலாம். ஆனால் எம்.பி.யாக ஓட்டுப் போட முடியாது. பிரதமர் பதவி வேறு, எம்.பி. பதவி வேறு என்ற நுட்பமான கோடு அது. எம்.பி.யாக இல்லாதவரும் ஆறு மாதம்வரை அமைச்சராக இருக்கலாம் என்று 75-ஆவது பிரிவே சொல்கிறது. கோர்ட் தொட்டது தேர்தலை. பிரதமர் என்ற பதவியை அது நேரடியாகத் தொடவில்லை.

அடுத்த நாள் நெருக்கடி நிலை வந்தது. ஆகஸ்டில், பிரதமரின் தேர்தலைக் கோர்ட்டே விசாரிக்க முடியாதபடி 39-ஆவது திருத்தம் கொண்டுவந்தார்கள். நவம்பர் 7 அன்று சுப்ரீம் கோர்ட் அந்தப் பகுதியைச் செல்லாது என்று அடித்தது. பிரதமரைக் கண்டபடி நீக்கவும் முடியாது, அதே நேரம் பிரதமர் சட்டத்துக்கு மேலே ஏறி உட்காரவும் முடியாது. ஒரே வருடத்தில் இரண்டு பாடங்கள். காமராஜர் அந்த அக்டோபர் 2 அன்று, நெருக்கடி நிலைக்கு நடுவிலேயே கண்ணை மூடினார்.

எமர்ஜென்சி விளக்கு

நீக்குவது அவை என்றால், ஜனாதிபதிக்கு வேலையே இல்லையா? உண்டு. அந்த வேலையை எல்லோருக்கும் புரிகிற மாதிரி விளக்கியவர், பட்டுக்கோட்டை பக்கம் ராஜாமடத்தில் பிறந்த ஆர். வெங்கட்ராமன். காமராஜர் அமைச்சரவையிலும் பக்தவத்சலம் அமைச்சரவையிலும் தொழில்துறையைப் பார்த்தவர். கிண்டி, அம்பத்தூர் தொழிற்பேட்டைகள் என்றால் அவர் பெயர் வராமல் இருக்காது. 1987 முதல் 1992 வரை ஜனாதிபதி.

ஜனாதிபதி பதவி எமர்ஜென்சி விளக்கு மாதிரி என்பது அவர் சொன்ன உவமை. மின்சாரம் போனால் தானாக எரியும். மின்சாரம் வந்ததும் அணைந்துவிடும். நம்மில் அனல்மின் நிலையத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு இது நன்றாகவே புரியும். நிலையம் முழுக்க ஏ.சி. சப்ளை போய்விட்டால், பேட்டரியில் டி.சி. விளக்குகள் எரியும். டர்பைன் பேரிங்குக்கு எண்ணெய் தரும் டி.சி. பம்ப் தானாக ஓட ஆரம்பிக்கும். அது ஒரு யூனிட் மின்சாரம்கூட உற்பத்தி பண்ணாது. 3000 சுற்றில் ஓடிக் கொண்டிருந்த மிஷின் எரிந்து போகாமல் நிற்கும்வரை காப்பாற்றும், அவ்வளவுதான். அந்த பம்ப்பை வைத்து ஊருக்கு கரண்ட் கொடுக்கலாம் என்று எந்த ஷிப்ட் இன்ஜினியரும் நினைக்க மாட்டார்.

வெங்கட்ராமன் காலத்தில் அந்த விளக்கு மூன்று முறை எரிந்தது. 1989-ல் காங்கிரஸ் 197 இடங்களோடு தனிப்பெரும் கட்சி. ராஜீவ் காந்தி ஆட்சி அமைக்க விரும்பவில்லை. அடுத்த வரிசையில் இருந்த வி.பி. சிங்கை அழைத்து, அவையில் பலத்தைக் காட்டச் சொன்னார். 1990 நவம்பர் 7 அன்று வி.பி. சிங் அவையில் தோற்றார். மறுபடியும் பெரிய கட்சியிலிருந்து வரிசையாகக் கேட்டு, ஒவ்வொருவராக மறுத்த பிறகு, சுமார் 60 எம்.பி.க்களை வைத்திருந்த சந்திரசேகரை, காங்கிரஸ் வெளியிலிருந்து ஆதரிப்பதால் அழைத்தார். 1991 மார்ச் 6 அன்று சந்திரசேகர் விலகினார். ராஜீவ் காந்தி ஸ்ரீபெரும்புதூரில் கொல்லப்பட்ட பிறகு தேர்தல் முடிந்து, ஜூன் 21 அன்று நரசிம்மராவ் வந்தார். இரண்டு ஆண்டுக்குள் நான்கு பிரதமர்கள். ஒரு தடவைகூட ஜனாதிபதி தன் சொந்த ஆளை உட்கார வைக்கப் பார்க்கவில்லை. யாரை அழைத்தாலும் "அவைக்குப் போய்க் காட்டு" என்றுதான் அனுப்பினார்.

ஒரே ஒரு ஓட்டு

1999 ஏப்ரல் 14 அன்று 18 எம்.பி.க்களை வைத்திருந்த அ.தி.மு.க., வாஜ்பாய் அரசுக்கு ஆதரவை விலக்கியது. ஜனாதிபதி கே.ஆர். நாராயணன் அவரை நம்பிக்கை கோரச் சொன்னார். ஏப்ரல் 17 அன்று ஓட்டெடுப்பு. ஆதரவு 269, எதிர்ப்பு 270.

ஒரிசா முதலமைச்சராகப் போய்விட்ட கிரிதர் கமாங், எம்.பி. பதவியை இன்னும் ராஜினாமா செய்யாததால் வந்து ஓட்டுப் போட்டார் என்பது இன்றைக்கும் பேசப்படுகிற விஷயம். நியாயமா, இல்லையா என்று எவ்வளவு வேண்டுமானாலும் பட்டிமன்றம் நடத்தலாம். ஆனால் அன்று ராணுவம் வரவில்லை, கோர்ட் வரவில்லை, ஜனாதிபதியும் இடையில் வரவில்லை. ஒரு ஓட்டில் தோற்றவர் எழுந்து போய் ராஜினாமாவைக் கொடுத்தார்.

நீக்கியவர்களால் மாற்று அரசை அமைக்க முடியவில்லை. 272 பேர் இருப்பதாகச் சொன்ன காங்கிரசால் அந்த எண்ணைக் காட்ட முடியவில்லை. அவை கலைந்தது, தேர்தல் வந்தது. இந்தச் சிக்கலுக்கு ஜெர்மனி ஒரு வழி வைத்திருக்கிறது. அங்கே சான்சலரை நீக்க வேண்டுமானால், அடுத்தவரை அதே ஓட்டிலேயே தேர்ந்தெடுக்க வேண்டும். 1982 அக்டோபர் 1 அன்று ஹெல்முட் ஷ்மிட் போய் ஹெல்முட் கோல் வந்தது அப்படித்தான். 2002-ல் நீதிபதி வெங்கடாசலய்யா தலைமையிலான கமிஷன் இங்கேயும் அது போன்ற ஏற்பாட்டைப் பரிந்துரைத்தது. சட்டமாகவில்லை.

பக்கத்து வீட்டுப் பாடம்

எழுதாத மரபை எல்லோரும் மதிப்பார்கள் என்று நம்ப முடியுமா? 1975 நவம்பர் 11 அன்று ஆஸ்திரேலியாவில் கவர்னர் ஜெனரல் ஜான் கெர், கீழவையில் மெஜாரிட்டி வைத்திருந்த பிரதமர் விட்லமையே டிஸ்மிஸ் செய்து, எதிர்க்கட்சித் தலைவர் பிரேசரை உட்கார வைத்தார்.

நம் பக்கத்திலேயே இலங்கையில், 2018 அக்டோபர் 26 அன்று அதிபர் சிறிசேன, பிரதமர் ரணிலை நீக்கி மஹிந்த ராஜபக்சவை நியமித்தார். மஹிந்தவிடம் மெஜாரிட்டி இல்லை. நவம்பர் 9 அன்று நாடாளுமன்றத்தையே கலைத்தார். ஆனால் 2015-ல் வந்த 19-ஆவது திருத்தம், முதல் நாலரை ஆண்டுக்குள் தன்னிச்சையாகக் கலைக்க முடியாது என்று கட்டிப் போட்டிருந்தது. டிசம்பர் 13 அன்று ஏழு நீதிபதிகளும் ஒரே குரலில் கலைப்பு செல்லாது என்றார்கள். 16-ஆம் தேதி ரணில் மறுபடியும் பதவியேற்றார். அந்தத் தீர்ப்பு எந்தப் பெயரில் பதிவாகியிருக்கிறது தெரியுமா? மனுதாரர்களில் முதல்வராக இருந்த தமிழ்த் தலைவர் இரா. சம்பந்தனின் பெயரில்! எண்ணிக்கையில் சிறிய கட்சிக்குச் சட்டம்தான் பெரிய பலம் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

நமக்கு மட்டும் ஏன் இல்லை?

இவ்வளவும் படித்த பிறகு ஒரு தமிழனுக்கு நெஞ்சில் ஒரு கேள்வி உறுத்தும். பிரதமருக்கு இத்தனை பாதுகாப்பு. முதலமைச்சருக்கு?

356-ஆவது பிரிவு மாநிலங்களுக்கு மட்டும்தான். மத்தியில் ஜனாதிபதி ஆட்சி என்று ஒன்று கிடையாது. தமிழ்நாட்டில் 1976 ஜனவரி 31, 1980 பிப்ரவரி 17, 1988 ஜனவரி 30, 1991 ஜனவரி 30 என்று நான்கு முறை அரசுகள் டிஸ்மிஸ் ஆயின. 1976-ல் கலைஞருக்கும், 1980-ல் எம்.ஜி.ஆருக்கும், 1991-ல் மறுபடியும் கலைஞருக்கும் சட்டமன்றத்தில் மெஜாரிட்டி இருந்தது. 1988-ல் ஜானகி அம்மையார், பெரும் அமளிக்கு நடுவில், இரண்டு நாள் முன்புதான் நம்பிக்கை ஓட்டெடுப்பில் வென்றதாக அறிவிக்கப்பட்டிருந்தார். 1991-ல் கவர்னர் பர்னாலா அறிக்கையே தரவில்லை. அந்த உத்தரவில் அமைச்சரவை ஆலோசனைப்படி கையெழுத்திட்டவர், எமர்ஜென்சி விளக்கு உவமை சொன்ன அதே வெங்கட்ராமன்தான்.

பிரதமரை இறக்க 543 பேர் இருக்கும் அவையில் எண்ணிக்கை பார்க்க வேண்டும். முதலமைச்சரை இறக்க ஒரு கையெழுத்து போதும் என்ற அந்தக் காலத்துக்குக் கடிவாளம் போட்டது 1994 மார்ச் 11 அன்று வந்த பொம்மை வழக்குத் தீர்ப்பு. மெஜாரிட்டி இருக்கிறதா என்பதைக் கவர்னர் மாளிகையில் அல்ல, சட்டமன்றத்தில்தான் பார்க்க வேண்டும், கலைப்பு உத்தரவைக் கோர்ட் ஆராயலாம் என்றது. பிரதமருக்கு மரபாக இருந்த பாதுகாப்பில் ஒரு பங்கு, முதலமைச்சர்களுக்குத் தீர்ப்பாகக் கிடைத்தது. கிடைக்க நாற்பது வருடத்துக்கு மேல் ஆனது.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை

இது பழைய கதை என்று நினைத்து, பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். 2025 ஆகஸ்ட் 20 அன்று மக்களவையில் 130-ஆவது திருத்த மசோதா அறிமுகமாகி, கூட்டுக்குழுவுக்கு அனுப்பப்பட்டது. ஐந்து ஆண்டுக்குக் குறையாத தண்டனைக்குரிய குற்றச்சாட்டில் கைதாகி, தொடர்ந்து 30 நாள் காவலில் இருந்தால், பிரதமரோ முதலமைச்சரோ அமைச்சரோ, 31-ஆம் நாள் பதவி இழக்க வேண்டும் என்கிறது அது. சிறையிலிருந்து ஆட்சி நடத்துவது அழகா என்பது ஒரு பக்கத்து நியாயம். தண்டனை கிடைக்கும் முன்னே, கைது செய்யும் அதிகாரியின் கையில் நாற்காலியைக் கொடுக்கலாமா என்பது மறுபக்கத்து நியாயம். எந்தப் பக்கம் பேசினாலும் ஒன்றை மறக்காதீர்கள். அவையின் ஓட்டு இல்லாமலே பிரதமரின் நாற்காலி காலியாகும் ஒரு புது வழியை அரசியல் சட்டத்திலேயே எழுத வந்த மசோதா அது. காமராஜரின் கட்சியால் முடியாததை, ஜனாதிபதிகள் கையில் எடுக்காததை, ஒரு காவல் உத்தரவு செய்யலாமா? ஹாஸ்டலில் உட்கார்ந்து வாதாடுவதற்கு இதைவிட நல்ல தலைப்பு கிடைக்காது.

என் கருத்தைக் கேட்டால், ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். பிரதமரும் முதலமைச்சரும் தவறு செய்தால் தப்பக் கூடாது. ஆனால் அவர்களை இறக்கும் சாவி, நாம் ஓட்டுப் போட்டு அனுப்பிய அவையிடமே இருக்க வேண்டும். அந்தச் சாவி வேறு யார் கைக்குப் போனாலும், நம் ஓட்டின் ஒரு பகுதியும் கூடவே போய்விடும்.

அத்திப்பட்டு, பொன்னேரி சட்டமன்றத் தொகுதியில், திருவள்ளூர் மக்களவைத் தொகுதியில் இருக்கிறது. திருவொற்றியூரும் ராயபுரமும் வடசென்னையில் வரும். நம் பகுதியிலிருந்து போகிறவர்கள் 543-ல் இரண்டே பேர். இரண்டு பேரால் என்ன ஆகும் என்று கேட்பவர்களிடம் 269-ஐயும் 270-ஐயும் சொல்லுங்கள். 18 வயது நிரம்பியவர்கள், வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று இந்த வாரமே பாருங்கள்.

 மறுபடியும் அடுத்த சந்திப்பில், குடும்பத்தோடு பார்ப்போம்.

வாழ்க நம் கல்லூரி! வளர்க நம் முன்னாள் மாணவர் சங்கம்!